ரோட்டு மழைத்தண்ணீரை நேராகக் குளத்தில் விடாதீர்கள்: குமரி மாவட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நெடுஞ்சாலை, நீர்வளம், மீன்வளம், மாசுக்கட்டுப்பாடு ஆகிய துறைகளில் குமரி மாவட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ரோட்டில் விழுகிற மழைத்தண்ணீரை, குழாய் வைத்தும் ஓடை கட்டியும் நேராகக் குளத்திலும் கால்வாயிலும் ஆற்றிலும் இறக்கிவிடுவதை நிறுத்துங்கள். இறங்குமுன் ஒரு மண்படுகையில் ஊறி, வடிந்து, அப்புறம் போகட்டும். அவ்வளவுதான் கோரிக்கை. ஏன் என்று சொல்லத்தான் இந்த நீளமான மடல்.

நான் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவரின் மகள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டிக்கொடுத்தது மணக்குடிப் பக்கம். மாமனார் காயலில் வீச்சுவலை வீசிப் பிழைத்தவர். ரப்பரும் மீனும் இரண்டுமே என் வீட்டுச் சோறு என்பதால், ரப்பர் டயர் தேய்ந்து உதிரும் தூள் மழைத்தண்ணீரோடு போய் மீனைக் கொல்லும் என்று படித்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரத்தைச் சுற்றி நிறைய ஓடைகள் உண்டு. கோஹோ சால்மன் என்ற மீன் அந்த ஓடைகளில்தான் பிறக்கும், ஒரு வருடத்துக்கு மேல் நல்லதண்ணீரிலேயே வளரும், பிறகு கடலுக்குப் போய், முட்டையிட மறுபடி அதே ஓடைக்குத் திரும்பிவரும். நகரத்துக்காரர்கள் 1990களில் பாழடைந்த ஓடைகளைச் செலவு செய்து சீராக்கினார்கள். மீனும் திரும்பி வந்தது. ஆனால் மழை பெய்த சில மணிநேரத்தில் அந்த மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து, சுற்றிச்சுற்றி நீந்தி, மல்லாந்து செத்துப்போயின. வயிறு நிறைய முட்டை, ஒரு முட்டைகூட இடவில்லை. சில ஓடைகளில் திரும்பிவந்த மீனில் 40 முதல் 90 சதவீதம் வரை இப்படிப் போனது. தண்ணீரில் பிராணவாயு போதுமான அளவு இருந்தது. நோயும் இல்லை. பூச்சிமருந்தும் காரணமில்லை. துடிக்கிற மீனை எடுத்துச் சுத்தமான தண்ணீரில் விட்டாலும் பிழைக்கவில்லை. ஏறக்குறைய இருபது வருடம் ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் காரணம் தேடினார்கள்.

கடைசியில் டயரில் வந்து நின்றார்கள். டயரைத் துருவித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் இருந்த இரண்டாயிரம் போல வேதிப்பொருட்களைப் பிரித்துப்பிரித்து, எந்தப் பங்கில் மீன் சாகிறது என்று பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரே ஒரு மூலக்கூறு மிஞ்சியது. அது டயர்க் கம்பெனி போட்ட எந்தச் சரக்கின் பட்டியலிலும் நேரடியாக இல்லை. போட்ட சரக்கின் பெயர் 6 பி.பி.டி. அது காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து மாறிய பிறகு உண்டாவதுதான் அந்த விஷம், 6 பி.பி.டி. குவினோன். 2020 டிசம்பரில் இந்த முடிவு வெளியானது.

ரப்பர் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பழைய சைக்கிள் டியூப்பை வெயிலில் போட்டால் வெடித்துப்போகும், ரப்பர்பேண்ட் நாளானால் இழுத்ததும் அறுந்துவிடும். ரப்பர் மூலக்கூறின் இரட்டைப்பிணைப்பை ஓசோன் வந்து வெட்டுகிறது. டயர் அப்படி வெடித்தால் ஆள் செத்துவிடுவான், அதனால் ஓசோனை முந்திக்கொண்டு வாங்கிக்கொள்ள ஒரு காவலாளியை உள்ளே கலக்கிறார்கள். அதுதான் 6 பி.பி.டி. டயர் ஓட ஓட அது கொஞ்சம் கொஞ்சமாக மேல்பரப்புக்குக் கசிந்து வந்துகொண்டே இருக்கும். டயரின் பக்கவாட்டில் ஒரு பழுப்பு நிறம் படிகிறதே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அரைநூற்றாண்டுக்கும் மேலாக உலகம் முழுக்க டயரில் இது இருக்கிறது. நம் மரத்துப் பாலில் இந்த விஷம் கிடையாது. என் அப்பா சிரட்டையில் வடித்த பாலிலும் இல்லை, ஆசிட் விட்டு உறையவைத்து அடித்த ஷீட்டிலும் இல்லை. இந்த மடலைப் படித்துவிட்டு ரப்பர் விவசாயிகள் யாரும் பதற வேண்டாம் என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன். தொழிற்சாலையில் சேர்ப்பது அது.

எவ்வளவு இருந்தால் மீன் சாகும்? முதலில் லிட்டருக்கு 800 நானோகிராம் போல என்று கணக்கிட்டார்கள். தூய வேதிப்பொருள் கையில் கிடைத்தபின் 2022-ல் அதை 95 என்று திருத்தினார்கள். நானோகிராம் என்றால் ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. நம் கணக்கில் சொன்னால், 12,000 லிட்டர் டேங்கர் லாரி 870-க்கு மேல் நிரப்பி, அத்தனை தண்ணீரிலும் ஒரே ஒரு கிராமைக் கலந்தால், அதில் விட்ட கோஹோவில் பாதி ஒரே நாளில் செத்துவிடும். இரை எடுக்கத் தொடங்கியிருக்கும் சின்னக் குஞ்சுகளுக்கு அதில் பாதிகூட வேண்டாம். 2023-ல் வந்த ஆய்வில் 41 நானோகிராம் என்றது. அப்படியானால் இரண்டாயிரம் டேங்கருக்கு ஒரு கிராம். வகுப்பில் இந்தக் கணக்கைப் போர்டில் போட்டபோது பிள்ளைகள் நம்பவில்லை, இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.

சரி, நம்மூரில் கோஹோ இல்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மீனுக்கு மீன் வித்தியாசம் பெரியது. அதே ஓடையில் அதே தண்ணீரில் சம் சால்மன் என்ற இன்னொரு சால்மன் ஒன்றும் ஆகாமல் நீந்துகிறது. வானவில் ட்ரவுட் சாகிறது. நம் நாட்டு ஓடைகளில் உள்ள, கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த வரிக்குதிரை மீன் அந்த அளவுகளில் சாகவில்லை, ஆனால் அதன் குஞ்சுகளின் நீச்சலும் இதயத்துடிப்பும் மாறுவதை ஆய்வகத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே நம் குளத்து மீன் எல்லாம் டயரால் சாகிறது என்று நான் கூவப் போவதில்லை. அவர்கள் சோதித்தது அவர்கள் மீனை. நம் கரிமீனையும் மடவையையும் விராலையும் நாம்தான் சோதிக்க வேண்டும். சாகவில்லை என்பதற்காகக் குஞ்சு நன்றாக இருக்கிறது என்றும் ஆகாது. நேராக நீந்தத் தெரியாத குஞ்சு கொக்குக்கும் விராலுக்கும் முதல் இரை.

டயர்த்தூளில் இந்த ஒரு சரக்கு மட்டும் இல்லை. ரப்பரை இறுக்கத் துத்தநாக ஆக்சைடு போடுகிறார்கள், அந்தத் துத்தநாகம் கரைந்து வந்தால் மீனின் செவுளைத் தாக்கும். கரிப்புகை சார்ந்த எண்ணெய்ப் பொருட்கள் வேறு. குவினோன் ஒன்றுதான் பெயர் வாங்கியது, மற்றவை பின்னால் நிற்கின்றன.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். டயர் தேயாமல் வண்டி ஓடாது. தேய்ந்தது எங்கே போகிறது என்று நாம் யோசிப்பதே இல்லை, டயர் மொட்டையானால் மாற்றுகிறோம், அவ்வளவுதான். 2017-ல் உலகநாடுகளின் கணக்கைத் திரட்டிய ஓர் ஆய்வு, ஆளுக்கு வருடத்துக்கு 0.23 கிலோ முதல் 4.7 கிலோ வரை டயர் தூளாகிறது, உலகச் சராசரி 0.81 கிலோ என்றது. இந்தியாவை அதில் மிகக் குறைந்த இடத்தில்தான் வைத்தார்கள். அந்த மிகக் குறைந்த கால் கிலோவையே வைத்துக்கொண்டு, 2011 கணக்கெடுப்பின்படி நம் 18.7 லட்சம் மக்களோடு பெருக்கிப் பார்த்தேன். வருடத்துக்கு 400 டன்னுக்கு மேல் வருகிறது. இது என் சொந்தப் பெருக்கல், தோராயம்தான். ஆனால் 2011-க்குப் பிறகு வண்டி எவ்வளவு கூடியிருக்கிறது என்று மார்த்தாண்டம் மேம்பாலத்தில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கேரளாவுக்குக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு இரவுபகலாகப் போகிற லாரிகள் வேறு. பாரம் கூடினால் டயர் தேய்வதும் கூடும். ஓவர்லோடைப் பிடிப்பது ரோட்டைக் காப்பாற்ற மட்டும் என்று நினைத்திருந்தேன், இப்போது அது ஆற்றையும் காப்பாற்றும் என்று தெரிகிறது.

இந்தத் தூள் ரோட்டிலும் ரோட்டோரத்திலும் மாதக்கணக்கில் கிடக்கிறது. மழை வந்தால் ஒரேயடியாகக் கிளம்புகிறது. நம் மாவட்டத்தின் தனிச்சிறப்பு தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைப்பது, அதை எப்போதும் பெருமையாகத்தான் சொல்வோம். ரோட்டுத் தூசிக்கு அது வேறு கணக்கு. தை, மாசி, பங்குனி முழுக்கக் காய்ந்து கிடந்த ரோட்டைக் கோடைமழை ஒருதரம் கழுவும், இடைவெளி விட்டு ஐப்பசியில் இன்னொரு தரம் கழுவும். முதல் அரைமணி நேரம் வருகிற கறுப்புத் தண்ணீரில்தான் பெரும்பாலான அழுக்கு.

அது எங்கே போகிறது என்று ஒருநாள் நடந்து பாருங்கள், காரில் வேண்டாம், நடந்து பாருங்கள். குழித்துறையில் தேசிய நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழே ஓடுவது தாமிரபரணி, வாவுபலிக்கு ஊரே கூடிக் குளிக்கிற ஆறு, அது போய்ச் சேருவது தேங்காப்பட்டணம் பொழியில், அதாவது கடல் முகத்துவாரத்தில். சுருளோட்டில் பிறந்த பழையாறு பூதப்பாண்டி, சுசீந்திரம் வழியாக வந்து மணக்குடிக் காயலில் விழுகிறது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற ரோட்டை ஒட்டிச் சுசீந்திரம் குளம், பக்கத்தில் தேரூர் குளம், இரண்டும் சேர்ந்து 2022-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன, வேம்பனூரும் அதே வருடம். பன்னாட்டு அங்கீகாரம் பெற்ற குளத்தின் கரையில் ஓடுகிற ரோட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க ஒரு மழைநாள் போதும்.

மணக்குடியைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஆற்றுத் தண்ணீரும் கடல்தண்ணீரும் கலக்கிற அந்த அலையாத்திக் காட்டு ஓரம் பொடிமீனின் தொட்டில். கடலில் போய்ப் பெரிதாகிற மடவையும் இறாலும் குஞ்சாக இருக்கும்போது அங்கேதான் ஒதுங்கும். பொழி அடைத்துக்கிடக்கும் மாதங்களில் தண்ணீர் வெளியேறாது, மேலே இருந்து வருவதெல்லாம் அங்கேயே தங்கும். மாமனார் வலையை உதறும்போது விரல்நீளக் குஞ்சு விழுந்தால் திரும்பத் தண்ணீரில் எறிந்துவிடுவார். யாரும் அவருக்குச் சட்டம் சொல்லித்தரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு குளம், பெயர் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ரோட்டை அகலப்படுத்தியபோது ஓரத்து ஓடையைக் கொண்டுவந்து அந்தக் குளத்தில் கோர்த்துவிட்டார்கள். அதற்கு முன் ரோட்டுத் தண்ணீர் ஒரு தென்னைவிளையில் பரவி, ஊறித்தான் குளத்துக்கு வரும். இப்போது சிமெண்ட் ஓடையில் வழுக்கிக்கொண்டு வருகிறது. அடுத்த கோடைமழை முடிந்த காலையில் அந்த ஓடை விழுகிற மூலையில் மட்டும் பொடிமீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது, மடைப்பக்கம் இருந்த மீனுக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகள் ஈர்க்குச்சியால் தொட்டுப் பார்த்தார்கள், விலகக்கூட இல்லை. அது டயரால் என்று நான் சொல்லவரவில்லை, முதல் மழையில் சாக்கடை, எண்ணெய், அழுகல் எல்லாம் சேர்ந்து வரும், பிராணவாயு குறைந்தாலும் மீன் அப்படித்தான் நிற்கும். ஆனால் காரணம் எதுவானாலும் அது வந்த வழி அந்த ஓடை. ஓடையைக் கொஞ்சம் திருப்பி அந்த விளையிலேயே பரவ விடலாமே என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மனு கொடுத்தேன். தண்ணீர் ரோட்டில் தேங்காமல் போய்விடுகிறது, அதுதான் எங்கள் வேலை என்று பதில் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வேலை அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதை மாற்றி எழுதத்தான் உங்களைக் கேட்கிறேன்.

வழி இருக்கிறது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. வாஷிங்டன்காரர்கள் காரணம் கண்டுபிடிக்கும் முன்பே வைத்தியம் கண்டுபிடித்துவிட்டார்கள். நெடுஞ்சாலையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீரில் கோஹோவை விட்டால் எல்லாம் செத்தது. அதே தண்ணீரை மணலும் மக்கிய உரமும் கலந்த படுகை வழியாக வடித்துவிட்டு மீனை விட்டால் பிழைத்தது. 60 பங்கு மணல், 40 பங்கு மக்கு, இதுதான் அங்கே வழக்கமான கலவை. மெஷின் இல்லை, கரண்ட் இல்லை. மண்ணும் மக்கிய இலைதழையும் அந்த வேதிப்பொருளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நம் ஊரில் மக்குக்குப் பஞ்சமா? தேங்காய் நார்க்கழிவு மலைபோலக் கிடக்கிறது, அதைச் சேர்த்தால் இன்னும் நன்றாகப் பிடிக்குமா என்று நம் கல்லூரிப் பிள்ளைகளே சோதித்துப் பார்க்கலாம். ரோட்டோரத்தில் பள்ளமாக ஒரு நீளப் படுகை, அடியில் சல்லி, மேலே மணலும் மக்கும், அதன்மேல் வெட்டிவேரோ புல்லோ. வருடத்துக்கு ஒருதரம் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், அந்த மண்ணையும் வயலில் கொட்டாமல் தனியாக ஒதுக்க வேண்டும். பராமரிப்புக்கு ஆள் ஒதுக்காமல் படுகை மட்டும் கட்டினால் இரண்டு வருடத்தில் அது குப்பைமேடாகிவிடும் என்பதையும் சேர்த்தே திட்டம் போடுங்கள்.

காவல்கிணறு, கன்னியாகுமரி பக்கமிருந்து களியக்காவிளை வரை நான்குவழிச் சாலை வேலை நடக்கிற இந்தக் காலம்தான் இதற்கு நேரம். அந்தச் சாலை எத்தனை குளத்தை ஒட்டியும் ஊடறுத்தும் போகிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாலை முடிந்தபின் ஓடையைத் திருப்புவது பணமும் வழக்குமாக முடியும். இப்போது வரைபடத்தில் ஒரு கோடு மாற்றினால் போதும்.

டயர்க் கம்பெனிகளே மாற்றுப்பொருள் கொண்டுவரட்டுமே என்று சிலர் சொல்வார்கள். கொண்டுவர வேண்டும்தான். 6 பி.பி.டி. உள்ள டயரை 2023 அக்டோபரில் கலிபோர்னியா மாநிலம் கவனிப்புப் பட்டியலில் சேர்த்து, மாற்று என்ன என்று கம்பெனிகளே ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்றது. அதே வருடம் ஆகஸ்டில் யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்க்லாலம், புயாலப் என்ற மூன்று பழங்குடி மக்கள், சால்மனை நம்பி வாழ்கிறவர்கள், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு மனுக் கொடுத்தார்கள், நவம்பரில் முகமை அதை ஏற்றுக்கொண்டது. 2024-ல் ஐரோப்பா யூரோ 7 விதியில் டயர் தேய்மானத்துக்கும் வரம்பு வைத்தது. மீன் பிடிக்கிற மக்கள் எழுதிய மனுவுக்கு மூன்றே மாதத்தில் பதில் வந்தது என்ற வரியைப் படித்தபோது என் மனுவை நினைத்துக்கொண்டேன். ஆனால் ஓசோனைத் தாங்கி, ஆளையும் கொல்லாமல், மீனையும் கொல்லாமல் இருக்கிற ஒரு மாற்றுப்பொருள் டயரில் வந்து, பழைய டயர் எல்லாம் தேய்ந்து முடிய எத்தனை வருடம் ஆகுமோ, அதுவரை தண்ணீரை வடித்து விடுவது நம் கையில் இருக்கிறது. நம் நாட்டிலும் 2022 ஜூலையில் கழிவு டயர் விதி வந்தது, உற்பத்தியாளரே பழைய டயரின் மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்கிறது. அது ஓடி முடிந்த டயருக்கு. ஓடும்போது உதிர்ந்த தூளை அந்த விதி தொடவில்லை.

தூள் என்றதும் ரீட்ரெடிங் பட்டறைகள் ஞாபகம் வருகின்றன. பழைய டயரின் மேல்ரப்பரைச் சீவி எடுக்கும்போது வருகிற பஃபிங் தூள் மூட்டை மூட்டையாகச் சேரும். விற்றது போக மிஞ்சியதைப் பின்பக்க ஓடையில் தட்டிவிடுகிற இடங்களை நானே பார்த்திருக்கிறேன். பட்டறைக்காரர்கள் மேல் வழக்குப் போடச் சொல்லவில்லை, பாதிப்பேருக்கு இது விஷம் என்றே தெரியாது. மாசுக்கட்டுப்பாட்டு அலுவலர்கள் ஒருதரம் கூப்பிட்டுச் சொல்லி, தூளை எடுத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்தால் பெரும்பாலோர் கேட்பார்கள். அதே மாதிரி கால்வாய்க் கரை சரியாமல் இருக்கப் பழைய டயரை அடுக்குவது, குளத்தங்கரையில் டயரைக் கொளுத்துவது, இதெல்லாம் இனி வேண்டாம்.

சோதனைக்கு வெளியே எங்கேயும் ஓட வேண்டியதில்லை. ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது, தூத்துக்குடியில் 1977-லிருந்து மீன்வளக் கல்லூரி இருக்கிறது. குவினோனை இந்த அளவு நுணுக்கமாக அளக்க நிறை நிறமாலைமானியோடு (மூலக்கூறை அதன் எடையை வைத்து அடையாளம் காண்பது) கூடிய நல்ல கருவி வேண்டும், அது எந்த ஆய்வகத்தில் உண்டோ அங்கே மாதிரியை அனுப்பலாம். அமெரிக்க முகமை 2024 ஜூனில் நல்லதண்ணீர் உயிர்களுக்கு லிட்டருக்கு 11 நானோகிராம் என்று ஓர் எச்சரிக்கை அளவு சொல்லியிருக்கிறது, நம் தண்ணீரை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். மீன்வளத்துறை குளங்களில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடும்போது ரோட்டோடை விழுகிற மூலையைத் தவிர்த்து விடச் சொல்லுங்கள், இதற்கு ஆய்வு முடிவுகூட வேண்டாம்.

மாதிரி எடுப்பதற்கு எளிதான வேளை ஒன்றுதான், அது கையைவிட்டுப் போய்விடும். மாசி, பங்குனி வறட்சிக்குப் பிறகு வரும் முதல் கோடைமழை, முதல் அரைமணி நேரம். குழித்துறைப் பாலம், சுசீந்திரம் குளத்தின் ரோட்டுப்பக்கம், மணக்குடி, இந்த மூன்று இடத்திலும் அன்று கண்ணாடி பாட்டிலோடு ஆள் நிற்க வேண்டும். இரவு பன்னிரண்டு மணிக்கு மழை வந்தாலும் நிற்க வேண்டும். உங்களுக்கு ஆள் போதவில்லை என்றால் எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பெற்றோர் அனுமதியோடு வரத் தயாராக இருக்கிறார்கள், பட்டியல் என்னிடம் இருக்கிறது. மணக்குடி மாதிரியை நானே எடுத்துவிடுவேன், வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. எந்த பாட்டில், எவ்வளவு தண்ணீர், எங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் பங்குனிக்குள் சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
பால்வெட்டுக்காரர் ஒருவரின் மகள்,
மணக்குடிப் பக்கம், குமரி மாவட்டம்